வேண்டுதல் இல்லாமல் ஒரு கடல் பயணம்

பங்கோர் தீவு என்றதும் நம் தோட்டத்து மக்களுக்கு நினைவுக்கு வருவது மாசி மகம்தான். பேராக் மாநிலத்தின் எந்த மூலையில் இருந்தாலும் சரி, அந்த நாளில் லூமுட் படகுத்துறையில் மஞ்சள் சேலையும் பால்குடமும் காவடியுமாக நம்மவர் கூட்டம் நிற்கும். ஃபெரியில் ஏறி அக்கரை போய், கடலைப் பார்த்தபடி கோயில் கொண்டிருக்கும் காளியம்மனுக்கு நேர்ந்ததைச் செலுத்திவிட்டு, அன்னதானத்தில் ஒரு கை சாப்பிட்டுவிட்டு, அடுத்த ஃபெரியில் திரும்பிவிடுவோம். தீவைப் பார்த்தீர்களா என்று யாராவது கேட்டால், "பார்த்தோமே, கோயில் இருந்தது" என்போம். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவள்தான்.

சென்ற ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் நாங்கள் ஐந்து பேர் வேண்டுதல் எதுவும் இல்லாமல் அந்தக் கடலுக்குப் போய் வந்தோம். என் வீட்டுக்காரர், பெரியவன், சின்னவள், நான், எழுபத்து மூன்று வயதான என் அம்மா. அம்மாவை அழைத்துப் போனதுதான் பெரிய காரியம். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

எங்கள் ஊர் தஞ்சோங் ரம்புத்தான். இந்தப் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு ஓடும். 1911-இல் இங்கே திறக்கப்பட்ட மனநல மருத்துவமனைதான் காரணம். இன்று அதற்குப் பஹாகியா மருத்துவமனை என்று பெயர். பஹாகியா என்றால் மகிழ்ச்சி. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். எங்களுக்கு ஊர் என்றால் கிந்தா ஆறும், ஈய லம்பம் தோண்டி விட்ட குளங்களும், ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் நின்ற கித்தாக் காடும்தான். கித்தா போய்விட்டது. சில இடங்களில் செம்பனை, சில இடங்களில் வீடமைப்பு. நான் படித்துக்கொடுக்கும் பள்ளியின் பெயரில் மட்டும் தோட்டம் இன்னும் இருக்கிறது.

அந்தப் பள்ளியில்தான் இந்தப் பயணத்துக்கு விதை விழுந்தது. நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் தீவு, தீபகற்பம், நீரிணை என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "உங்களில் படகில் ஏறியவர்கள் யார்?" என்று கேட்டேன். பதினெட்டுப் பிள்ளைகளில் மூன்று பேர் கை தூக்கினார்கள். மூன்று பேரும் மாசி மகத்துக்குப் போனவர்கள். "டீச்சர், தீவுக்கு எதுக்குப் போவாங்க?" என்று ஒரு பையன் கேட்டான். அதற்கு நல்ல பதில் என்னிடம் இல்லை.

அதே வாரம் பத்திரிகை ஒன்றில் கிரேக்க நாட்டைப் பற்றி ஒரு வண்ணப் பக்கம் பார்த்தேன். அந்த நாட்டுக் கடலில் ஆயிரக்கணக்கான தீவுகள். வெளிநாட்டுக்காரர்கள் ஒரு பாய்மரப் படகை வாரக் கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார்கள். காலையில் ஒரு தீவு, மாலையில் ஒரு தீவு. மத்தியானம் ஏதாவது ஒரு குடாவில் நங்கூரம் போட்டுக் குளிக்கிறார்கள். இரவில் சின்னத் துறைமுகத்தில் படகைக் கட்டிவிட்டுப் பொரித்த மீன் சாப்பிடுகிறார்கள். ஏதென்ஸ் நகருக்குப் பக்கத்தில் ஹைட்ரா என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே கார்களே கிடையாது, சாமான் சுமப்பது கழுதைகள். படித்ததும் எனக்குத் தோன்றியது, கிரேக்கத்துக்குப் போக நம்மிடம் காசு இல்லை, ஆனால் தீவு இல்லையா? தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து நூறு கிலோமீட்டர் போனால் லூமுட். அதற்கு எதிரே பங்கோர், பங்கோர் லாவுட், கியாம், மெந்தாகோர். இன்னும் தெற்கே போனால் ஒன்பது தீவுக் கூட்டமே இருக்கிறது.

வீட்டில் பேச்சை எடுத்தேன். பிள்ளைகள் குதித்தார்கள். அம்மா, அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயை விட்டுத் தலை நிமிரவில்லை.

"எதுக்குமா போறோம்? யாருக்கு என்ன வேண்டுதல்?"

"வேண்டுதல் ஒன்றும் இல்லைம்மா. சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரலாம்."

"சும்மா போறதுக்குக் கடலா கெடைச்சுது உனக்கு?"

அம்மா பங்கோருக்கு மாசி மகத்துக்குக்கூட வந்ததில்லை. எங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் பரீட்சை வந்தாலும் ஈப்போ கல்லுமலை முருகனுக்குத்தான் நேர்ந்துகொள்வார். கடல் தாண்டிச் செலுத்த வேண்டிய வேண்டுதலை அவர் வைத்துக்கொண்டதே இல்லை. கடல் பயம் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

இதில் பயம் மட்டும்தான் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அம்மா முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவர். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், நெற்றி விளக்கு வெளிச்சத்தில் மரம் மரமாக ஓடியவர். அந்தக் காலத்தில் நாள் கூலி. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் காசு இல்லை. இலை உதிர்கிற மாதங்களில் பால் குறையும், கூலியும் குறையும். அப்படிப்பட்ட கணக்கில் வாழ்ந்தவருக்கு ஒரு நாளைச் சும்மா கழிப்பது என்பது கையில் இருக்கும் காசை வாய்க்காலில் போடுவது போல. சாவுக்குப் போவார், கல்யாணத்துக்குப் போவார், திருவிழாவுக்குப் போவார். காரணம் இல்லாமல் எங்கேயும் போனதில்லை. நம் வீடுகளில் எத்தனை பெரியவர்கள் இப்படி இருக்கிறார்கள் என்று வாசகர்களே எண்ணிப் பாருங்கள்.

கடைசியில் சின்னவள்தான் சாதித்தாள். பாட்டி வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். அம்மா பேசாமல் எழுந்து போய்ப் பையில் இரண்டு சேலையை எடுத்து வைத்தார்.

வார நாளாகப் பார்த்துப் புறப்பட்டோம். சனி, ஞாயிறில் அறை வாடகையும் கூட்டமும் அதிகம். புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டோம். ஈப்போவைத் தாண்டி ஸ்ரீ இஸ்கந்தார் வழியாகப் போத்தாவில் பேராக் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது பிள்ளைகளுக்கு ஒன்று சொன்னேன்: நம் ஊரில் ஓடும் கிந்தா ஆற்றுத் தண்ணீர் இந்தப் பேராக் ஆற்றில் கலந்துதான் கடலுக்குப் போகிறது. "அப்போ நமக்கு முன்னாடியே அது போயிருக்கும்" என்றான் பெரியவன். ஆயர் தாவார், சித்தியவான் ஊர்களில் 1903 முதல் குடியேறிய பூச்சோவ் சீனர்கள் அதிகம். சித்தியவானில் அவர்கள் சூளையில் சுடும் கொங் பியா என்ற ரொட்டியைச் சூட்டோடு வாங்கிக் கடித்தோம். நல்ல பல் வேண்டும். அம்மா டீயில் நனைத்துச் சாப்பிட்டார்.

லூமுட் துறையில் நின்றால் அரச மலேசியக் கடற்படையின் சாம்பல் நிறக் கப்பல்கள் தெரியும். ஃபெரி பங்கோர் நகரத்தை அடைய அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடும். அருகே மரினா ஐலண்டு துறையிலிருந்தும் ஏறலாம், அது இன்னும் குறைந்த நேரம். அம்மா ஃபெரியின் நடு இருக்கையில், சன்னலுக்கு எட்டாத இடத்தில் உட்கார்ந்தார். பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முன் இருக்கையின் முதுகையே பார்த்தபடி வந்தார். தண்ணீரைப் பார்க்கவில்லை. நான் கூப்பிட்டும் திரும்பவில்லை.

ஃபெரி முதலில் சுங்கை பினாங் கெச்சிலில் நிற்கிறது. நெத்திலி காயும் வாசமே வரவேற்பு. தண்ணீருக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் மரவீடுகள், மீன்பிடிப் படகுகள், படகு கட்டும் பட்டறைகள். பங்கோர் நகரத்தில் இறங்கியதும் இளஞ்சிவப்பு வேன்கள் வரிசையாக நிற்கின்றன; இந்தத் தீவின் டாக்சி அவைதான். தீவின் மறுபக்கம், மேற்குக் கரையில் இருக்கும் தெலுக் நிப்பாவில் இறங்கினோம். அன்று மாலை விடுதிக்கு முன்னால் இருவாச்சிப் பறவைகள் வந்து கம்பியில் உட்கார்ந்தன. கருப்பு வெள்ளை உடல், மஞ்சள் அலகு, அலகுக்கு மேல் இன்னொரு கொம்பு. விடுதிக்காரர் பழத் துண்டைக் காட்டினால் கையிலிருந்தே கொத்திக்கொண்டு போகின்றன. சின்னவள் தூங்கும் வரை அதைப் பற்றியே பேசினாள்.

மறுநாள் காலை படகுக்காரரைப் பேசி அமர்த்தினோம். அறுபது வயதிருக்கும் மலாய்க்காரர். விலையை ஏறும் முன்பே பேசிவிட்டோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் கொடுத்தார். அம்மாவுக்கு அவரே கொக்கி மாட்டிவிட்டு, "நெனெக், பயப்பட வேண்டாம், இன்று அவசரமே இல்லை, எங்கே பிடித்திருக்கிறதோ அங்கே நிறுத்துவேன்" என்று மலாயில் சொன்னார். கப்பலுக்கு மலாயில் கப்பால் என்கிறார்களே, அது நம் தமிழ்ச் சொல்தான் என்று நான் பெருமையாகச் சொன்னேன். "சொல்லை எங்களிடம் கொடுத்துவிட்டு நீங்கள் தோட்டத்துக்குப் போய்விட்டீர்கள்" என்று சிரித்தார்.

வேடிக்கையாகச் சொன்னார். எனக்கு அது தைத்தது. இதே மலாக்கா நீரிணைக்கு 1025-இல் இராசேந்திர சோழனின் கப்பல் படை வந்தது. கடாரம் என்று நாம் படிப்பது இன்றைய கெடா. அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் யவனர்கள் என்று நம் முன்னோர் அழைத்த கிரேக்க, ரோம வணிகர்கள் தென்மேற்குப் பருவக்காற்றின் போக்கை அறிந்து, நடுக்கடலைக் கிழித்துக்கொண்டு முசிறிக்கு மிளகு வாங்க வந்தார்கள். அந்தக் காலத்தில் கிரேக்கனுக்கும் தமிழனுக்கும் கடல் ஒரே பாதை. இன்று கிரேக்கன் தன் தீவுகளை உலகத்துக்கு வாடகைக்கு விடுகிறான். நாமோ கடலிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு, பதினெட்டில் மூன்று பிள்ளைகள் மட்டும் படகேறிய வகுப்பை நடத்துகிறோம்.

கிரேக்கக் கடலுக்கும் நம் கடலுக்கும் இன்னொரு வேறுபாட்டையும் படகுக்காரரைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். மத்தியதரைக் கடலில் ஏற்றவற்றம் மிகச் சிறிது. அதனால் அங்கே படகைக் கரைச் சுவரில் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். இங்கே ஆறு மணி நேரம் தண்ணீர் ஏறும், ஆறு மணி நேரம் இறங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் இறக்கமும் இன்னும் பெரிது. மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் நம்மவர்கள் கோயிலுக்குப் போகிற நாளில் கடல் நிறைந்தும் வற்றியும் பெரிய ஆட்டம் காட்டும். படகுக்காரர் கடிகாரம் கட்டவில்லை. பாறையில் படிந்த ஈரக் கோட்டைப் பார்த்தே நேரம் சொன்னார்.

தெலுக் நிப்பாவுக்கு எதிரேயே கியாம் தீவு இருக்கிறது, சின்னஞ்சிறியது. அதைத் தாண்டி மெந்தாகோர். மெந்தாகோரின் பாறைகளைச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது படகுக்காரர் பேச்சை நிறுத்திவிட்டு மேற்கே பார்த்தார். வானத்தின் அடியில் கரி பூசியது போல ஒரு வளைவு. வெயில் எங்கள் மேல் அப்படியேதான் அடித்துக்கொண்டிருந்தது. "சுமாத்ரா" என்றார். ஏப்ரல் முதல் நவம்பர் வரை இரவில் நீரிணையின் மேல் திரண்டு, விடியற்காலையிலோ காலையிலோ நம் கரையில் வந்து மோதும் காற்று மழைக்குச் சுமாத்ரா என்றே பெயர். தோட்டத்தில் காலை வெட்டைக் கெடுக்கும் மழை என்று நமக்கு அதைத் தெரியும். கடலில் அதைச் சந்திப்பது வேறு.

அவர் படகைத் திருப்பி விரட்டினார். கியாம் தீவின் கிழக்குப் பக்கம், காற்று நேராகத் தாக்காத மணலில் ஏற்றி நிறுத்தினார். நாங்கள் இறங்கி முடிப்பதற்குள் காற்று வந்துவிட்டது. பிறகு மழை. எதிரே தெலுக் நிப்பா இருந்த இடமே தெரியவில்லை. ஒரு தார்ப்பாயைப் பாறைக்கும் படகுக்கும் நடுவே இழுத்துக் கட்டினார். அதற்குள் ஆறு பேரும் ஒடுங்கினோம். சின்னவள் அழ ஆரம்பித்தாள்.

அம்மா என்ன ஆவாரோ என்று நான் திரும்பிப் பார்த்தேன். அவர் சின்னவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, சேலைத் தலைப்பால் அவள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். பிறகு, யாரும் கேட்காமலேயே, சொல்லத் தொடங்கினார்.

என் பாட்டி, அதாவது அம்மாவின் அம்மா, ரஜூலா கப்பலில் வந்தவர் என்பது எனக்குத் தெரியும். நம்மில் பலருடைய குடும்பக் கதை அந்தக் கப்பலில்தான் தொடங்குகிறது. 1926-இல் கட்டப்பட்டு, 1973 வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக ஓடிய கப்பல். மேல்தளத்திலேயே ஆயிரக்கணக்கான பேரை ஏற்றிக்கொண்டு வந்தது. பாட்டி வந்தது 1937-இல், பத்து வயதில். மறு வருடமே இந்திய அரசாங்கம் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. இவ்வளவும் எனக்குத் தெரிந்தது. தெரியாததை அம்மா அன்று சொன்னார்.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராதாம். வெளியே நிற்கும். சின்னப் படகில் ஏற்றிக்கொண்டு போய், அலை தூக்கிப் போடும்போதே கப்பல் ஏணியில் ஏற வேண்டுமாம். பாட்டியின் அம்மா இடுப்பில் ஒரு கைக்குழந்தை. ஏறிவிட்டார்கள். ஆறேழு நாள் பயணம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ குழந்தைக்குக் கழிச்சல் கண்டது. பினாங்கைப் பார்ப்பதற்கு முன்பே போய்விட்டது. துணியில் சுற்றிக் கடலில் விட்டார்கள். பாட்டியின் அம்மா அழுததை விட, அந்தத் துணி உடனே முழுகாமல் கொஞ்ச தூரம் கப்பலோடு வந்ததுதான் பாட்டிக்கு மறக்கவே இல்லையாம். பிறகு ஜெரெஜாக் தீவில் இறக்கி, நோய்த் தடுப்பு முகாமில் அடைத்துவைத்து, அதற்கப்புறம்தான் தோட்டத்துக்கு அனுப்பினார்களாம்.

"அந்தப் புள்ளைக்குப் பேர்கூட வைக்கலையாம்" என்றார் அம்மா. "எங்கம்மா சாகற வரைக்கும் கடல் மீனு வாயில வைக்கல. ஆத்து மீனுதான். ஏன்னு கேட்டா, ஒத்துக்காதுன்னு சொல்லும். எனக்குக் கல்யாணம் ஆன பொறவுதான் காரணத்தைச் சொல்லிச்சு. நான் யாருகிட்டயும் சொல்லல."

மழை தார்ப்பாயில் அடித்துக்கொண்டே இருந்தது. படகுக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஏதோ புரிந்தவர் போலப் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்தது. சுமாத்ரா வந்த வேகத்திலேயே போகும் என்றார் படகுக்காரர். கடல் கலங்கி, பழுப்பாக, சின்னச் சின்ன அலையோடு கிடந்தது. அம்மா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்கால் வரை சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். ஒரு கை தண்ணீரை அள்ளினார். திரும்ப ஊற்றினார். மூன்று முறை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "பசிக்குது, முட்டை இருக்கா?" என்று கேட்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அதன் பிறகு அந்த நாள் முழுவதும் அம்மா படகின் முன்பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார்.

பாசிர் போகாக் கடற்கரையைக் கடந்து, பங்கோர் லாவுட்டைச் சுற்றி வந்தோம். இன்று அது தனியார் விடுதிக்குரிய தீவு. தங்குபவர்கள் தவிர மற்றவர்கள் இறங்க முடியாது. மேற்குப் பக்கத்தில் மரகதக் குடா என்று பெயர் பெற்ற அரை வட்டக் கடற்கரை இருக்கிறது. ஜப்பான்காரன் காலத்தில் மூன்று வருடத்துக்கு மேல் மலாயாக் காட்டில் ஒளிந்திருந்த ஸ்பென்சர் சாப்மன் என்ற ஆங்கில அதிகாரி, 1945 மே மாதம் இங்கிருந்துதான் நீர்மூழ்கிக் கப்பலில் ஏறித் தப்பினார். பெரியவன் அந்த இடத்தை விட்டு வர மறுத்தான். தண்ணீருக்கடியில் இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மழை கழுவிய வானத்தில் தெற்கே தூரத்தில் நிழல்கள் தெரிந்தன. அவைதான் ஒன்பது தீவுகள் என்ற பூலாவ் செம்பிலான் கூட்டம். படகுக்காரர் விரல் விட்டு எண்ணினார்: ரும்பியா, லாலாங், சாகா, பூலோ, நிப்பிஸ், பாயோங், அகாஸ், அப்புறம் வெள்ளைப் பாறை, கருப்புப் பாறை. தூண்டில் போடுபவர்கள் லூமுட்டிலிருந்து பெரிய படகில் போவார்களாம். லாலாங் தீவில் சில இருட்டு இரவுகளில் கரை நீர் நீலமாக ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் அலையில் கலங்கும்போது விடும் ஒளி அது. அம்மா தன் பங்குக்கு எண்ணிப் பார்த்து, ஐந்துதான் தெரிகிறது என்றார்.

தெலுக் கெடோங்கில் இறங்கி டச்சுக் கோட்டையைப் பார்த்தோம். கோட்டை என்றதும் செஞ்சியை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். கூரையில்லாத ஒரு செங்கல் கட்டடம், அவ்வளவுதான். பேராக் ஈயத்தின் வியாபாரத்தைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ள டச்சுக்காரர்கள் 1670-இல் கட்டினார்கள். 1690-இல் உள்ளூர் மக்கள் தாக்கி அழித்தார்கள். 1743-இல் திரும்ப வந்து கட்டி, 1748-இல் விட்டுப் போனார்கள். இப்போது நிற்பது 1973-இல் அரும்பொருளகத்தார் செப்பனிட்டது. பக்கத்தில் ஒரு பெரிய பாறையில், குழந்தையைப் புலி தூக்கிச் செல்வது போல ஒரு உருவத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். காணாமல் போன ஒரு டச்சுக் குழந்தையின் நினைவு என்று சொல்வார்கள். அம்மா அந்தப் பாறைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

இந்தத் தண்ணீரில்தான், 1874 ஜனவரி 20-ஆம் நாள், புளூட்டோ என்ற கப்பலில் வைத்துப் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. யார் பேராக்கின் சுல்தான் என்ற தகராறையும் லாரூட் ஈயச் சண்டையையும் தீர்க்கிறோம் என்று சொல்லி, ஆங்கிலேயர் தங்கள் ரெசிடெண்டைப் பேராக்கில் உட்கார வைத்தார்கள். ரெசிடெண்டுக்குப் பின்னால் சாலை வந்தது, ரயில் வந்தது, காப்பித் தோட்டம் வந்தது, கித்தா வந்தது, கங்காணி வந்தார், ரஜூலா வந்தது. பங்கோரும் அதை அடுத்த டிண்டிங்ஸ் நிலமும் ஆங்கிலேயரின் நேரடிக் கையிலேயே இருந்து, 1935-இல்தான் பேராக்குக்குத் திரும்பின. பள்ளிப் புத்தகத்தில் இதை ஒரு பத்தியாக நடத்திவிட்டு நான் மணி அடித்துப் போயிருக்கிறேன். படகில் உட்கார்ந்து சொன்னபோது என் பிள்ளைகள் இருவரும் காது கொடுத்துக் கேட்டார்கள். ஆசிரியர்களாக இருக்கும் வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு வார்த்தை. காலையில் மேற்கு வானம் இருண்டிருந்தால் படகுக்காரரைக் கெஞ்சிப் புறப்படாதீர்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். குரங்குகள் பையைப் பிடுங்கும். 2020 முதல் பங்கோர் வரியில்லாத் தீவு என்பதால் மிட்டாய்க் கடைகளும் பீங்கான் கடைகளும் கூட்டத்தை இழுக்கின்றன. காசை அங்கே தொலைத்துவிட்டுப் படகுக்கு இல்லை என்று நிற்காதீர்கள். எங்கள் ஐந்து பேருக்கு இரண்டு இரவும் மூன்று பகலும், பெட்ரோல் முதல் கருவாடு வரை, 780 வெள்ளி ஆனது. அரை வருடம் மாதா மாதம் எடுத்து வைத்த காசு. ஒரு குறையும் சொல்லியாக வேண்டும்: மணலில் ஒதுங்கிக் கிடந்த பிளாஸ்டிக் போத்தல்களில் பாதி, எங்களைப் போல வந்து போனவர்கள் விட்டது. நம்மவர்கள் விட்டதும் அதில் இருந்தது. நெகிழிப் பையில் கட்டிய விபூதியை நான் கண்ணால் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலை நெத்திலியும் மீன் சாத்தேயும் வாங்கிக்கொண்டு ஃபெரி ஏறினோம். அம்மா நடு இருக்கைக்குப் போகவில்லை. பின்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தீவு சின்னதாகும் வரை நின்றார். ஃபெரி கிளப்பிய நுரை எவ்வளவு தூரம் அழியாமல் வருகிறது என்று சின்னவள் கேட்டாள். "கொஞ்ச தூரம் வரும்" என்றார் அம்மா.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மாலை ஐந்து மணி. காரைத் திறந்ததுமே கருவாட்டு வாசம் தெருவுக்குப் பரவிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து நின்றார்.

"பங்கோருக்கா போயிட்டு வர்றீங்க? இப்ப திருவிழாகூட இல்லையே. என்ன பெரியம்மா வேண்டுதல்?"

"ஒண்ணும் இல்ல" என்றார் அம்மா. "சும்மாதான் போனோம்."

நெத்திலிப் பையைப் பிரித்து, அக்கா வீட்டுக்கு இரண்டு கை அள்ளிப் போட்டார். எதிர் வீட்டுக்கு இரண்டு கை. அன்று இரவு எங்கள் வீட்டில் நெத்திலிச் சம்பல். அம்மாவும் சாப்பிட்டார், உப்பு ஒரு கல் கூடிவிட்டது என்றார்.